பழைய கதவை முதலில் வாங்குங்கள், பிளானைப் பிறகு போடுங்கள்

லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "30க்கு 40 சைட். கீழே அப்பா கட்டின வீடு இருக்கு. மேலே ஒரு மாடி எடுக்கப் போறோம். பழைய தேக்குக் கதவு, ஜன்னல், மங்களூர் ஓடு எல்லாம் வெச்சுக் கட்டணும்னு ஆசை. பெங்களூர்ல எங்கே கிடைக்கும், நம்பி வாங்கலாமா, காசு மிச்சமாகுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் பார்த்தால் மிச்சம்தான். ஆனால் அந்தக் கதவைக் குட்டி யானையில் ஏற்றி வந்து, ஆணி பிடுங்கி, பெயின்ட் சுரண்டி, ஆசாரி நாலு நாள் உட்கார்ந்து இழைத்து, சுவரில் நிறுத்தி முடித்த பிறகு கணக்குப் பார்த்தால், பேசாமல் புதுக் கதவே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பழைய சாமானுக்கு நாம் கொடுக்கும் காசில் பெரிய பங்கு கூலியாகத்தான் போகும். எந்தச் சாமானுக்கு அந்தக் கூலி தகும், எதற்குத் தகாது என்று தெரிந்துகொண்டால் போதும். நல்ல தேக்குக்குத் தகும். கல்லுக்குத் தகும். ஓட்டுக்கு, இடத்தைப் பொறுத்துத் தகும். செங்கல்லுக்குப் பெரும்பாலும் தகாது. கம்பிக்கும் குழாய்க்கும் ஒருநாளும் தகாது.

எனக்கு இந்தப் பைத்தியம் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் ஆட்களில் ஒருவர். தலைக்கு மேலே பாறை, கீழே இவர் நிறுத்திய மரம். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசக்காலைக் கைமுட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பொண்ணு பார்க்கப் போன இடத்திலும் தட்டினாராம், பாட்டி கடைசிவரை சொல்லிக் காட்டினாள். 2001ல் சுரங்கத்தை மூடியபோது அவர் இல்லை. நாங்கள் அதற்கு முன்பே பெங்களூருக்கு வந்து, நான் சைட் சூப்பர்வைசராகி, பிறகு சொந்தமாகச் சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்கிறேன்.

சரி, எங்கே கிடைக்கும்? கன்டோன்மென்ட் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் இடம் சிவாஜிநகரை ஒட்டிய பாம்பூ பஜார். பேர்தான் மூங்கில். பழைய கதவு, ஜன்னல், வாசக்கால், உத்தரம், கிராதி எல்லாம் அங்கே உண்டு. தமிழில் ஆரம்பித்து, உருதுவில் பேரம் பேசி, கன்னடத்தில் முடிக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், பல பாய்மார்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள். மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட் புது மரத்துக்குப் பேர்போனது. அங்கே சுற்றியிருக்கும் சா மில்களில்தான் பழைய உத்தரத்தை அறுத்துக் கொள்ள வேண்டிவரும் என்பதால் அதையும் மனதில் வையுங்கள். பித்தளைத் தாழ்ப்பாள், கீல், கொண்டி வகையறாவுக்கு குஜிரிக் கடைகள், அதாவது பழைய சாமான் கடைகள்.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் கடையே இல்லை. இடிக்கப் போகிற வீடு.

பசவனகுடியும் மல்லேஸ்வரமும் 1898 பிளேகுக்குப் பிறகு ஜனம் பழைய நகரமான பேட்டையை விட்டு வெளியேறி நிரம்பிய பகுதிகள். கன்டோன்மென்ட் பக்கம் காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன். பெரிய சைட், ஓட்டுக்கூரை, முன்முகப்பில் மரப்பட்டிகளால் கூம்பாகக் கட்டின 'மங்கி டாப்'. அந்த வீடுகள் ஒவ்வொன்றாக அப்பார்ட்மென்ட் ஆகின்றன. வருத்தப்படுவது தனி விஷயம். வியாபாரம் எப்படி நடக்கிறதென்றால், ஓனர் வீட்டை இடிப்புக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைப்பார். உள்ளே மரமும் இரும்பும் நிறைய இருந்தால் கான்ட்ராக்டர் ஓனருக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வார். வெறும் கான்கிரீட் வீடாக இருந்தால் ஓனர்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் போவது பித்தளை, சுவிட்ச் போர்டு, குழாய். அடுத்து கதவு, ஜன்னல். அப்புறம் ஓடு, கைமரம், உத்தரம். கடைசியில்தான் ஜேசிபி. நீங்கள் போய் நிற்க வேண்டியது முதல் வாரத்தில். ஜேசிபி வந்த பிறகு போனால் அந்த வீட்டில் உங்களுக்கு மிச்சமிருப்பது தூசி மட்டும்தான்.

இதில் பெரிய லாபம் விலை இல்லை. கதவு இன்னும் சுவரில் தொங்கும்போதே அதைப் பார்க்கலாம். திறந்து மூடிப் பார்க்கலாம். எந்தச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, எந்த வாசக்காலின் காலடி குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தது என்று கண்ணால் தெரியும். கடைக்கு வந்துவிட்டால் எல்லாக் கதவும் ஒரே மாதிரி சாய்ந்து நிற்கும். பிடித்துவிட்டால் முன்பணம் கொடுத்து, சாக்பீஸில் உங்கள் பேரை எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். வாசக்காலைக் கடப்பாரையால் நெம்பாமல், சுவரில் பதித்த இரும்புப் பட்டையை அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். கூடக் கொஞ்சம் கேட்பார்கள், கொடுங்கள். நெம்பியெடுத்த வாசக்காலில் மூலைப் பொருத்து பிளந்துவிட்டால் ஆசாரிக்கு நீங்கள் கொடுக்கப்போவது அதைவிட அதிகம்.

காரைக்குடிக்குப் போய் வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுத் தூணும் கதவும் பார்க்கப் பார்க்கக் கண் நிறையும். பர்மாத் தேக்கு. ஆனால் அது அலங்கார விலை, வீடு கட்டும் விலை இல்லை. கூடவே ஒரு எச்சரிக்கை: 1972ம் வருட தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். சிற்பம் செதுக்கின துண்டு, கோயில் சாமான் மாதிரி எதுவானாலும் பில் இல்லாமல் தொடாதீர்கள். மாநில எல்லை தாண்டி மரம் ஏற்றி வருவதற்கும் முறையான பில் கையில் இருக்க வேண்டும்.

இனி மரம். இதில்தான் ஏமாறுவதும் ஜெயிப்பதும்.

பெங்களூர் பழைய வீடுகளில் எல்லாமே தேக்கு என்று நினைக்காதீர்கள். ஹொன்னே இருக்கும், அதாவது நம் வேங்கை. மத்தி இருக்கும், நம் கருமருது. பலா இருக்கும். பேர் தெரியாத காட்டு மரமும் இருக்கும். எல்லாமே நல்ல மரம்தான், தேக்கு விலைக்கு விற்காதவரை. பெயின்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே வழி, கண்ணில் படாத உள்மூலையில் இழைப்புளியால் ஒரு சீவு சீவச் சொல்வது. தேக்கானால் எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் மாதிரி ஒரு வாசனை வரும். ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் மறக்காது. சீவ விடமாட்டேன் என்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். எடையும் சொல்லும்: உலர்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. அதைவிட நன்றாகக் கனத்தால் மத்தியாக இருக்கலாம். வேங்கைக்கு இன்னொரு அடையாளம், ஈரத்துணி வைத்தால் மஞ்சளாகச் சாயம் விடும். சர்க்கரை நோய்க்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வாங்கும் குவளையும் இதே மரம்தான். அந்த மரத்தை வெள்ளைச் சுவரில் பதித்து ஒரு மழைக்கு நனைய விட்டால், சுவரெல்லாம் மஞ்சள் பாய்ச்சல் தெரியும். அதனால் வேங்கையை மழை படாத உள்வாசலுக்கு வையுங்கள்.

அடுத்தது வாசக்காலின் காலடி. தரையைத் தொட்ட அரை அடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனையை அங்கே அழுத்துங்கள். இறங்கினால் அழுகல். மண் கோடு தெரிந்தால் கரையான். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், தட்டினால் மாவாக உதிர்வதும் தெரிந்தால் உளு வண்டு. கரையான் வந்து போன மரத்தை வெட்டிச் சரிசெய்யலாம். உளு வண்டு உயிரோடு இருக்கிற மரம் வீட்டுக்குள் வரவே கூடாது. அது மற்ற மரத்துக்கும் பரவும்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். நல்ல கெட்டி மரம், கால்விலை என்று ஒரு கடையில் நாலு வாசக்கால் வாங்கி, அன்றைக்கே ஆசாரியிடம் கொடுத்து, பாலிஷ் எல்லாம் போட்டு நிறுத்தியாகிவிட்டது. மூன்றாவது மாதம் வீட்டுக்கார அம்மா தினமும் காலையில் கதவோரம் கோலமாவு சிந்தியிருக்கிறதே என்று கூட்டிக்கொண்டிருந்தார். கோலமாவு இல்லை. நாலில் இரண்டை உடைத்து எடுத்தேன், என் செலவில். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: எந்தப் பழைய மரத்தையும் மழை படாத இடத்தில், அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்து, மூன்று வாரம் கிடத்திவிடுவேன். உள்ளே உயிர் இருந்தால் தாளில் மாவு விழும். சந்தேகமில்லாத மரத்துக்கும் போராக்ஸ், போரிக் ஆசிட் இரண்டும் வெந்நீரில் கரைத்து, பெயின்ட் எல்லாம் போன வெறும் மரத்தில் இரண்டு தடவை பூசுவேன். சுவருக்குள் போகும் முகத்துக்கு மட்டும் தார். ஊர்ப்பக்கம் கைமரத்துக்கு முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுவார்களே, அதுவும் நல்லதுதான். கையில் பட்டால் கொப்புளிக்கும், கவனம்.

அளவுக் கணக்கு தெரியாமல் போகாதீர்கள். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. பழைய வாசக்கால் 5க்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் கால் இரண்டு, ஏழேழு அடி. மேலேயும் கீழேயும் மூன்றரை அடி. மொத்தம் 21 அடி. 5 பெருக்கல் 4 பெருக்கல் 21, வகுத்தல் 144, ஏறக்குறைய 2.9 கன அடி. கடைக்காரர் இதற்குத்தான் விலை போடுவார். ஆனால் காலடி அரை அடி இரண்டு பக்கமும் அழுகல், கீழ்ப்படியும் தேய்ந்து போயிற்று என்றால், உங்களுக்குக் கிடைப்பது 2.3 கன அடிதான். பேரத்தை இந்த வித்தியாசத்தில் பேசுங்கள். "விலை குறை பாய்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்த அடிக்குக் காசு தரமாட்டேன்" என்று டேப்பை வைத்துக் காட்டினால் மரியாதையாகக் குறைப்பார்கள்.

உத்தரத்தை வாங்கி அறுத்துப் பலகையாக்கும் எண்ணம் இருந்தால் ஆணிதான் எமன். சா மில்காரர்கள் பழைய மரத்தைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், ஒரு ஆணி போதும், பிளேடு போச்சு. உடைந்தால் யார் செலவு என்று முன்பே பேசிவிடுங்கள். ஒரு நல்ல காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக ஓட்டினால், உள்ளே உடைந்து நிற்கிற ஆணி காந்தத்தை இழுக்கும். அதே காந்தத்தைத் தாழ்ப்பாளில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை இல்லை, முலாம் பூசின இரும்பு.

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பழைய கதவுகள் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது. ஒரே வீட்டிலிருந்து எடுத்த எட்டு ஜன்னலில் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் வித்தியாசம் இருக்கும். அந்தக் காலத்து ஆசாரி மரத்தைப் பார்த்துச் செய்தார், பிளானைப் பார்த்து இல்லை. பலரும் செய்கிற தப்பு, இன்ஜினியரிடம் 7 அடிக் கதவு, 4 அடி ஜன்னல் என்று பிளான் போட்டு, லின்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டி, வார்த்த பிறகு பழைய கதவு தேடிப் போவது. அப்போது கிடைப்பதெல்லாம் ஆறேகால் அடியாக இருக்கும். பிறகு கதவுக்கு மேலே ஒரு பட்டி, பக்கத்தில் ஒரு துண்டு என்று ஒட்டுப்போட்டு, அழகும் போய், கூலியும் கூடி நிற்கும். முதலில் கதவு, ஜன்னலை வாங்குங்கள். கதவுக்கு டி, ஜன்னலுக்கு டபிள்யூ என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதுங்கள். அளவை வரைந்து இன்ஜினியர் கையில் கொடுங்கள். "டி3 இந்தச் சுவர், டபிள்யூ5 இந்த மூலை" என்று அவர் பிளானில் குறிக்கட்டும். உயரம் குறைந்த கதவை பூஜையறைக்கும் ஸ்டோருக்கும் தள்ளிவிடலாம், குனிந்து போகிற பூஜையறை நம்மவர்களுக்குப் புதுசா என்ன. வாங்கும்போது கதவைத் தரையில் கிடத்தி நாலு மூலையும் தரையைத் தொடுகிறதா பாருங்கள். ஒரு மூலை தூக்கினால் கதவு திருகியிருக்கிறது. அதை எந்த ஆசாரியாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

இங்கே வீட்டில் ஒரு சண்டை வரும். தலைவாசலுக்குப் பழைய மரம் வைக்கக் கூடாது என்று அத்தையோ மாமாவோ சொல்லுவார்கள். வேறு வீட்டு நல்லது கெட்டது எல்லாம் மரத்தோடு வந்துவிடுமாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இதற்காக யாரோடும் வாதாட மாட்டேன். தலைவாசலுக்கு மட்டும் புது மரத்தில் வாசக்கால் வைத்து, மஞ்சள் குங்குமம் பூசி, நவதானியம் போட்டு நிறுத்திவிட்டு, மற்ற எல்லா வாசலையும் பழையதில் முடித்த வீடுகள் ஏழெட்டு இருக்கும். அத்தையும் சந்தோஷம், ஆசாரியும் சந்தோஷம்.

பெயின்ட் சுரண்டுவதில் மட்டும் விளையாடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமலில் ஈயம் எவ்வளவு இருந்ததென்று மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். மெஷின் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும், குழந்தைகளுக்கு மூளைக்கே கேடு. கேஸ் விளக்கால் எரித்தால் புகையில் வரும். பெயின்ட் ரிமூவர் பூசி ஊறவைத்து, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டினதைத் தாளில் வாரிக் கட்டுங்கள். முகத்துக்கு மாஸ்க், கீழ்வீட்டுக் குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. நேரம் பிடிக்கும். நான் முதலில் சொன்ன கூலி இதுதான்.

கல் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான். பெங்களூர் பழைய வீட்டில் கூரைக்கே கல் சப்படி, அதாவது பலகைக் கல், போட்டிருப்பார்கள், காம்பவுண்டுக்கும் நட்டிருப்பார்கள். கிரானைட்டுக்கு வயசே கிடையாது. சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். சமையல் மேடை, படி, திண்ணை, தோட்டத்து நடைபாதை, துணி துவைக்கிற கல் எதற்கும் ஆகும். கடப்பா கல்லும் பழைய வீடுகளில் நிறையக் கிடைக்கும். நல்ல கனமாக இருந்தால் மறுபடி பாலிஷ் போடலாம். ஆனால் அது சுண்ணாம்புக் கல், எலுமிச்சம்பழமும் புளியும் பட்டால் வெளுத்துத் திட்டாகும், சமையல் மேடைக்கு வேண்டாம். தம்பி கட்டப் போவது மாடி என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரானைட் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. 6 அடிக்கு 2 அடி, 3 அங்குலக் கனம், ஒரே ஒரு சப்படி 225 கிலோ. அதில் பத்து வாங்கி அப்பா கட்டின பழைய தளத்தின் மேல் அடுக்கிவைத்தால் என்ன ஆகும் என்று இன்ஜினியரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள். கல்லைக் கீழே, படிக்கும் முற்றத்துக்கும் வையுங்கள்.

அதே எடைக் கணக்கு ஓட்டுக்குச் சாதகம். மங்களூர் ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும். ஒன்று இரண்டரைக் கிலோ என்றால் 350 கிலோ. அதே 100 சதுர அடிக்கு 5 அங்குல கான்கிரீட் தளம் போட்டால் மூன்று டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழைய சுவருக்கு மேலே மாடி எடுக்கிறவர்கள் ஓட்டை யோசிக்க இது ஒன்றே போதும். இரும்புச் சட்டம் அடித்து, சாய்வு 30 டிகிரிக்குக் கிட்ட வைத்து, ஓடு போடலாம்.

வாங்கும்போது ஓட்டைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிகள் 1865ல் மங்களூரில் தொழிற்சாலை போட்ட பிறகு அந்தக் கடற்கரையில் எத்தனையோ கம்பெனிகள் வந்தன. ஒவ்வொன்றின் அச்சும் நூலளவு வேறு. இரண்டு கம்பெனி ஓட்டைக் கலந்து போட்டால் ஒன்றோடொன்று மாட்டும் கவ்வு உட்காராது, முதல் மழைக்கே ஒழுகும். ஒரே முத்திரையில் மொத்தமும் கிடைத்தால் வாங்குங்கள், உடைசலுக்குப் பத்தில் ஒன்று கூடுதலாக எடுங்கள், இல்லையென்றால் அடுத்த வீடு இடிக்கும்வரை காத்திருங்கள். வெல்டர் ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், அடிப்பதற்கு முன்னால் ஓடு சைட்டில் இருக்க வேண்டும், ரீப்பர் இடைவெளியை ஓட்டை வைத்துத்தான் குறிக்க வேண்டும். கதவுக்குச் சொன்ன அதே கதைதான். மல்லேஸ்வரம் பக்கமாக இருந்தால் குரங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவ்வு உடைந்த ஓட்டையும் எறிய வேண்டாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டின வீடுகளில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்துப் பதித்திருப்பார். தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி, அங்கிருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா கனம். அந்த இடத்தை ஓடு அடைத்துக்கொண்டால் சிமென்டும் மிச்சம், எடையும் குறைவு, வெயிலும் கொஞ்சம் தணியும். ஓட்டை நன்றாக ஊறவைத்துத்தான் பதிக்க வேண்டும், இல்லையென்றால் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கம்பி இடைவெளி எல்லாம் இன்ஜினியர் கணக்கு. மேஸ்திரி "நான் பார்த்திருக்கேன் சார்" என்றால் நம்ப வேண்டாம்.

செங்கல்லைச் சுருக்கமாக முடிக்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டின சுவரின் கல் தட்டினால் சுத்தமாகப் பிரியும். சிமென்டில் கட்டினது கல்லோடு உடையும், அதைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் கூலியில் புதுக்கல்லே வரும். சோதனை வேண்டுமானால், உலர்ந்த கல்லை எடைபோட்டு ஒரு நாள் தண்ணீரில் போட்டு மறுபடி எடைபோடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் வேண்டாம், 3 கிலோ கல் 3.6ஐத் தாண்டக் கூடாது. கழிப்பறைச் சுவர்க் கல்லில் உப்பு ஊறியிருக்கும், எத்தனை தடவை பூசினாலும் பூத்துக்கொண்டே வரும். நல்ல பழைய கல் கிடைத்தால் தோட்டச் சுவருக்கோ பூசாமல் விடும் ஒரு அழகுச் சுவருக்கோ வையுங்கள், பாரம் தாங்கும் சுவருக்கு இல்லை. சிவப்பு ரெட் ஆக்சைடு தரையைப் பெயர்த்து எடுத்துத் தரச்சொல்லி இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அது அந்த இடத்திலேயே தேய்த்துப் போட்ட தரை, எடுத்தால் தூளாகத்தான் வரும்.

வாங்கவே கூடாத சாமான்கள் உண்டு. இடித்த தளத்திலிருந்து எடுத்து நிமிர்த்தின கம்பி முதலாவது. ஒருமுறை வளைந்து மறுபடி நிமிர்ந்த கம்பியில் எங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதைப் பந்தலுக்கும் வேலிக்கும் வையுங்கள், தளத்துக்கு இல்லை. பழைய ஜிஐ குழாய் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு அடைத்திருக்கும். பழைய வயரும் சுவிட்சும் தீ வைக்கிற சாமான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், அதை உடைக்கும்போதும் துளைபோடும்போதும் பறக்கிற நாரிழை நுரையீரலில் தங்கிவிடும். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் விழுங்கும். காவிரித் தண்ணீர் வராத வாரம் டேங்கர் வாங்குகிற ஊரில் அது சிக்கனமே இல்லை.

கடைசியாக, உங்கள் வீட்டிலேயே இருக்கும் பழைய சாமான். மாடி எடுக்கும்போது அப்பா கட்டின கைப்பிடிச் சுவரையும் படிக்கட்டு அறையையும் இடிப்பீர்கள் இல்லையா? அந்த இடிசலை ராத்திரியோடு ராத்திரி ராஜகால்வாயில் கொட்டிவிடலாம் என்று டிராக்டர்காரர் சொல்வார். இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி அதைப் பிரித்து முறையாக அனுப்புவது கட்டுகிறவர் பொறுப்பு. அதைவிட, கீழே முற்றத்தில் கல் பதிக்கப் போகிறீர்கள் என்றால் அடியில் நிரப்ப அதே இடிசல் போதும். இடித்த கான்கிரீட்டை நொறுக்கின ஜல்லியை, எம்15 என்கிற தரத்துக்குக் குறைந்த கான்கிரீட்டில் முழுக்கவே போடலாம் என்று ஐஎஸ் 383 தரநிர்ணயம் 2016லேயே சொல்லிவிட்டது. தளத்துக்கும் தூணுக்கும் மேஸ்திரி கைக்கணக்கில் அதைக் கலக்க விடாதீர்கள்.

பாம்பூ பஜாருக்குக் கிளம்பும்போது டேப், காந்தம், ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஈரத்துணி, சாக்பீஸ். கூடவே உங்கள் ஆசாரியையும் அழைத்துப் போங்கள், அன்றைய கூலியைக் கொடுத்து. ஒவ்வொரு கதவின் முன்னாலும் அவரிடம் "நல்ல மரமா?" என்று கேட்காதீர்கள், கடைக்காரர் எதிரில் சொல்லக் கூச்சப்படுவார். "இதுல எத்தனை நாள் வேலை இருக்கு?" என்று கேளுங்கள்.